வெளிச்சத்தைக் கவனிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓவியம் கற்றுக்கொள்ள வருபவர்களிடம் முதலில் பென்சிலைக் கீழே வைக்கச் சொல்வேன். அறைக்குள் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று கொஞ்ச நேரம் சும்மா பாருங்கள் என்பேன். அப்புறம் ஆரம்பிக்கும் கேள்விகள். ஆள் மாறினாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை என்பதால், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிதானவை முன்னால் வரும், குழப்பமானவை பின்னால். வரைய வேண்டும் என்ற ஆசை இல்லாதவர்களுக்கும் இது உதவும்.

வெளிச்சத்தைக் கவனிப்பது என்றால் என்ன? நாள் முழுக்க வெளிச்சத்தில்தானே இருக்கிறோம்?

இருக்கிறோம். ஆனால் நம் கண் தேடுவது பொருள்களை. நாற்காலி எங்கே, கதவு எங்கே, எதிரே வருவது யார் என்பதுதான் மூளைக்கு வேண்டும். அவற்றின்மேல் விழும் வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும், மஞ்சளாக இருந்தாலும் நீலமாக இருந்தாலும், அதைக் கழித்துவிட்டுப் பொருளை மட்டும் எடுத்துக் கொடுக்கிறது மூளை. இந்தக் கணக்கு நமக்குத் தெரியாமலே நடக்கிறது. அப்படிக் கழித்துப் போட்டதைத் திரும்ப எடுத்துப் பார்ப்பதைத்தான் கவனிப்பது என்கிறேன்.

நடைமுறையில் இரண்டு கேள்விகள் போதும். இந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? வரும் வழியில் எதில் பட்டு வருகிறது? சுவரில் தெரியும் வெளிச்சம் வானத்திலிருந்து நேராக வந்திருக்கலாம், எதிர்க் கட்டடத்தின் கண்ணாடியில் மோதித் திரும்பியிருக்கலாம், தரையில் கிடக்கும் சிவப்பு விரிப்பில் பட்டு எழும்பியிருக்கலாம். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு கேள்விகளையே வேறு வேறு இடங்களில் கேட்பவைதாம்.

சரி, எதைப் பார்த்து ஆரம்பிப்பது?

ஒரு வெள்ளைச் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சுவரில் நிறம் எதுவும் இல்லை என்று நினைப்போம், அதனால்தான் அது நல்ல பயிற்சி. ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கும் பகுதியையும் மூலையையும் மாறி மாறிப் பாருங்கள். ஒரு காகிதத்தைச் சுருட்டிக் குழலாக்கி, அதன் வழியே ஒரு கண்ணால் பார்த்தால் இன்னும் எளிது. குழலுக்குள் தெரியும் சின்ன வட்டத்துக்கு அக்கம்பக்கம் எதுவும் இல்லை என்பதால் மூளையால் ஒப்பிட்டுக் கழிக்க முடியாது. 'வெள்ளை' என்று நினைத்த இடம் சாம்பலாகவும், ஒரு மூலை லேசான மஞ்சளாகவும், தரையை ஒட்டிய பகுதி தரையின் நிறத்திலும் இருப்பது தெரியவரும்.

அடுத்தது, ஜன்னல் வழியே தரையில் விழும் வெயில் திட்டு. அதன் ஓரத்தில் ஒரு பென்சிலை வைத்துவிட்டுக் காத்திருங்கள். பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்வதால் திட்டு நகர்ந்துகொண்டே இருக்கும். ஆளுயர ஜன்னலின் மேல்விளிம்பிலிருந்து சாய்வாக வரும் வெயில் என்றால், நிமிடத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சில மாதம் கழித்து அதே மணிக்குப் பார்த்தால் திட்டு வேறு இடத்தில் இருக்கும். பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதற்கு வீட்டுக்குள்ளேயே கிடைக்கும் சாட்சி அது.

கேமரா வேண்டுமா? செல்போன் போதுமா?

ஆரம்பத்தில் எதுவும் வேண்டாம். போன் கேமராவும் மூளை செய்யும் அதே வேலையைச் செய்யப் பார்க்கும்: இருட்டை வெளிச்சமாக்கும், மஞ்சளை வெள்ளையாக்கும். அந்தி நேரத்து அறையைப் படமெடுத்தால் பகல் மாதிரி வந்து நிற்பது அதனால்தான். எடுத்தே ஆக வேண்டும் என்றால் திரையில் வெளிச்சமான இடத்தைத் தொட்டு, வெளிச்ச அளவைக் குறைத்துப் பூட்டிவிட்டு எடுங்கள்.

எந்த நேரத்தில் பார்த்தால் நன்றாக இருக்கும்? காலையும் சாயங்காலமும்தானா?

காலை, மாலை வெயில் சாய்வாக வருவதால் சுவரின் சொரசொரப்பு, துணியின் நெசவு எல்லாம் சின்னச் சின்ன நிழலோடு எடுப்பாகத் தெரியும். நிறமும் மாறியிருக்கும். சூரியன் தொடுவானத்தில் இருக்கும்போது அதன் ஒளி, தலைக்கு மேல் இருக்கும்போது கடப்பதைப்போலச் சுமார் 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. காற்று மூலக்கூறுகள் நீலத்தைச் சிவப்பைவிட நான்கு மடங்குக்கும் மேல் சிதறடிப்பவை. அவ்வளவு தூரம் கடப்பதற்குள் நீலம் வழியிலேயே பிரிந்துபோக, மஞ்சளும் சிவப்பும் மிஞ்சி வருகின்றன.

ஆனால் எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் வரும் நேரம். சூரியன் மறைந்ததும் பலர் எழுந்து போய்விடுகிறார்கள். தொடுவானத்துக்குக் கீழே 6 டிகிரி இறங்கும் வரை விளக்கில்லாமலே நடமாடும் அளவு வெளிச்சம் இருக்கும். 18 டிகிரி இறங்கிய பிறகுதான் வானம் முழு இருட்டு. இடையில் உச்சி வானம் ஆழ்ந்த நீலமாகிறதே, அது பகல் நீலம் போன்றதல்ல. அப்போது ஒளி வளிமண்டலத்தின் உயர அடுக்குகளில் நெடுந்தூரம் சாய்வாகப் போகிறது. அங்கே உள்ள ஓசோன், ஆரஞ்சு, மஞ்சள் பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. அந்த நீலத்துக்குப் பெரும்பங்கு காரணம் ஓசோன்தான்.

நடுப்பகலையும் ஒதுக்கிவிடாதீர்கள். மேலே இருந்து வரும் வெயில் தரையில் பட்டு எழும்பி, கூரையின் அடிப்பக்கத்தையும் குடைக்கு உள்ளே இருக்கும் முகத்தையும் கீழிருந்து ஒளியூட்டும். பச்சைப் புல்லில் நிற்பவரின் மோவாய்க்குக் கீழே பச்சை தெரிவது இந்த நேரத்தில்தான்.

மரத்தடியில் வெயில் ஏன் வட்ட வட்டமாக விழுகிறது? இலைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி வட்டமாக இல்லையே?

எனக்குப் பிடித்த கேள்வி இது. அந்த வட்டங்கள் இடைவெளியின் வடிவம் இல்லை. சூரியனின் உருவம். ஒவ்வொரு சிறிய இடைவெளியும் ஊசித்துளைக் கேமராவாக, அதாவது வில்லை இல்லாமல் சிறு துளை வழியாகவே உருவத்தை விழவைக்கும் கேமராவாக, வேலை செய்கிறது. துளை முக்கோணமாக இருந்தாலும் நட்சத்திரமாக இருந்தாலும், விழும் தரை போதுமான தூரத்தில் இருந்தால் அதில் பதிவது சூரிய வட்டம்தான். சூரிய கிரகணத்தின்போது மரத்தடியில் நின்றால் அத்தனை வட்டங்களும் ஒரே நேரத்தில் பிறைகளாக மாறியிருக்கும். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்னு அல்-ஹைதம் என்ற அரபு அறிஞர் இந்தப் பிறைகளைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

வட்டத்தின் அளவிலும் ஒரு கணக்கு இருக்கிறது. வானத்தில் சூரியனின் அகலம் அரை டிகிரிதான். அதனால் வட்டத்தின் குறுக்களவு, துளையிலிருந்து அது விழும் இடம் வரையுள்ள தூரத்தில் ஏறக்குறைய 108-ல் ஒரு பங்கு. ஐந்தரை மீட்டர் தூரத்துக் கிளைக்கு இடையே நுழைந்து வந்த வட்டம் 5 சென்டிமீட்டர் இருக்கும். தரையில் கிடப்பது 10 சென்டிமீட்டர் என்றால் அது இன்னும் மேலே இருக்கும் கிளையிலிருந்து வந்தது. ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டு மரத்தில் ஏறாமலே கிளை எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம். வெயில் சாய்ந்திருந்தால் வட்டங்கள் நீண்டு முட்டை வடிவமாகும். வெயில் வரும் திசைக்கு நேராக ஒரு காகிதத்தைத் திருப்பிப் பிடித்தால் திரும்ப வட்டமாகிவிடும்.

மரம் இல்லாதவர்கள் இரண்டு கை விரல்களையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்துச் சன்னமான கட்டங்கள் உண்டாக்கி, அவற்றின் நிழலைத் தரையில் பாருங்கள். சதுரக் கட்டங்கள் வட்டப் பொட்டுகளாக விழும்.

என் நிழலில் கால் பக்கம் தெளிவாக இருக்கிறது, தலை மட்டும் ஏன் மங்கல்?

முந்தைய பதிலில் சொன்ன அதே அரை டிகிரிதான். சூரியன் ஒரு புள்ளியாக இருந்திருந்தால் நிழலின் ஓரம் எங்குமே கத்திரித்த மாதிரி இருக்கும். அது ஒரு வட்டு என்பதால், ஓரத்தில் பாதி சூரியன் மறைந்தும் பாதி தெரிந்தும் இருக்கும் இடைநிலைப் பட்டை ஒன்று உண்டாகிறது. அதன் அகலமும் தூரத்தில் 108-ல் ஒரு பங்கு. காலுக்குத் தரை பக்கத்தில், அதனால் கூர்மை. சாயங்கால வெயிலில் தலைக்கும் அதன் நிழலுக்கும் மூன்று, மூன்றரை மீட்டர் இருக்கும், அதனால் மூன்று சென்டிமீட்டர் மங்கல். உயரமான கட்டடத்தின் உச்சி நிழல் விளிம்பில் போய் நின்றால், எங்கே வெயில் முடிகிறது என்றே சொல்ல முடியாது.

நிழல் கறுப்புதானே? நீலம், ஊதா என்று ஏன் வரையச் சொல்கிறீர்கள்?

வெளியில் விழும் நிழலைப் பாருங்கள். சூரிய ஒளி அங்கே மறைக்கப்பட்டிருக்கிறது, வானம் மறைக்கப்படவில்லை. முதல் பதிலில் சொன்ன கேள்வியைக் கேளுங்கள்: இங்கே வரும் வெளிச்சம் எங்கிருந்து? நீல வானத்திலிருந்து. அதனால் தெளிந்த நாளில் வெள்ளைத் தரைமேல் விழும் நிழல் நீலம் கலந்தே இருக்கும். குழலை எடுத்துப் பார்த்தால் சந்தேகம் தீரும். மேகம் மூடிய நாளில் வானமே சாம்பல், அப்போது இந்த நீலம் வராது.

வீட்டுக்குள் இதைவிட நன்றாகப் பார்க்கலாம். அந்தி நேரத்தில் ஜன்னலுக்குப் பக்கத்தில் வெள்ளைத் தாளை விரித்து, மறுபக்கம் மஞ்சள் விளக்கையோ மெழுகுவத்தியையோ வைத்து, நடுவே ஒரு பென்சிலை நிறுத்துங்கள். இரண்டு நிழல் விழும். ஜன்னல் ஒளி மறைந்த நிழலில் விளக்கு மட்டும் படுகிறது, அது மஞ்சள். விளக்கொளி மறைந்த நிழலில் வானொளி மட்டும் படுகிறது, அது பளிச்சென்று நீலம். ஜெர்மானியக் கவிஞர் கோதே நிறங்களைப் பற்றி 1810-ல் வெளியிட்ட ஆய்வில் இந்த நிற நிழல்களுக்கென்று ஒரு பகுதியே ஒதுக்கியிருக்கிறார். இதில் கொஞ்சம் மூளையின் கைவண்ணமும் உண்டு: மஞ்சள் சூழலுக்கு நடுவே இருக்கும் சாம்பலைக்கூட அது நீலமாகக் காட்டும்.

எனக்கு வெள்ளை வெள்ளையாகத்தான் தெரிகிறது. என் கண்ணில் ஏதாவது கோளாறா?

இல்லை, கண்ணும் மூளையும் ஒழுங்காக வேலை செய்கின்றன என்று அர்த்தம். எவ்வளவு ஒழுங்காக என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். நேரடி நடுப்பகல் வெயில் ஏறக்குறைய 1 லட்சம் லக்ஸ். வீட்டுக்குள் இரவு விளக்கு வெளிச்சம் 300 லக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அச்சிட்ட கறுப்பு மை தன்மேல் விழும் ஒளியில் 5 விழுக்காட்டையும், வெள்ளைத் தாள் 80 விழுக்காட்டையும் திருப்பி அனுப்புகிறது என்றால், வெயிலில் கிடக்கும் கறுப்பு எழுத்து, வீட்டுக்குள் இருக்கும் வெள்ளைத் தாளைவிட இருபது மடங்கு ஒளியைக் கண்ணுக்கு அனுப்புகிறது. இருந்தும் அது கறுப்பு, இது வெள்ளை. யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

இந்தக் கழித்தலை மனத்தால் நிறுத்த முடியாது. குழல் ஒரு வழி. கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பது இன்னொன்று, விவரங்கள் மங்கி வெளிச்ச வேறுபாடு மட்டும் மிஞ்சும். ஒரு தாளை நடுவில் மடித்துக் கூரைபோல நிறுத்தி இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுவதும் உதவும். ஒரே தாள்தான், ஆனால் இரண்டு வேறு நிறம்.

துணி கடைக்குள் ஒரு நிறம், வெளியே வந்தால் வேறு நிறமாகிவிடுகிறதே?

கழித்தல் கணக்கு தோற்கும் இடம் இது. வெள்ளையாகத் தெரியும் இரண்டு விளக்குகளில் உள்ள நிறக் கலவை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒன்றில் சிவப்பு குறைவாக இருந்தால் சிவப்புச் சாயம் திருப்பி அனுப்ப ஒன்றும் இல்லாமல் மந்தமாகிவிடும். இரண்டு சாயங்கள் ஒரு விளக்கின்கீழ் அச்சாகப் பொருந்தி, இன்னொரு விளக்கின்கீழ் பிரிந்துபோவதும் உண்டு. பொருத்தம் பார்த்து வாங்குவதென்றால் வாசலுக்கு எடுத்துப்போய்ப் பாருங்கள்.

ராத்திரியானால் ஜன்னல் கண்ணாடியில் வெளியே தெரியாமல் என் முகம்தான் தெரிகிறது. பகலில் அப்படி இல்லையே?

பகலிலும் உங்கள் முகம் அங்கே இருக்கிறது. சாதாரணக் கண்ணாடித் தகடு, இரண்டு பரப்பிலுமாகச் சேர்த்து, நேரே வரும் ஒளியில் சுமார் 8 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. பகலோ இரவோ இந்த அளவு மாறாது. பகலில் வெளியிலிருந்து வெள்ளமாக வரும் ஒளியில் அந்த 8 விழுக்காடு அமுங்கிப்போகிறது. இரவில் வெளியே இருட்டு, அப்போது அது தனியாகத் தெரிகிறது.

அந்தி நேரத்தில் ஒரு விளக்கைப் போட்டுவிட்டு ஜன்னல் முன்னால் உட்காருங்கள். அரை மணி நேரத்தில் வெளியே இருக்கும் மரம் மெல்லப் பின்வாங்கி, அறைக்குள் இருக்கும் அலமாரி அதன்மேல் ஏறி வரும். இரண்டும் சமமாக இருக்கும் ஒரு கட்டம் வரும், அப்போது மரக்கிளையில் புத்தகங்கள் அடுக்கியிருக்கும். விளக்கை அணைத்தால் மரம் திரும்ப வந்துவிடும். இரவில் திரைச்சீலை போடாமல் விளக்கெரிந்தால், உங்களுக்கு வெளியே தெரியாது, வெளியில் இருப்பவர்களுக்கு நீங்கள் நன்றாகத் தெரிவீர்கள் என்பதையும் இதோடு சொல்லி வைக்கிறேன்.

தேங்கிய தண்ணீரில் தூரத்தில் வானம் தெரிகிறது, கிட்டே போய்க் குனிந்தால் தரைதான் தெரிகிறது. ஏன்?

பார்க்கும் கோணம். நேர் மேலிருந்து பார்த்தால் தண்ணீர் வெறும் 2 விழுக்காடு ஒளியைத்தான் திருப்பி அனுப்பும், மிச்சம் உள்ளே போய்த் தரையைக் காட்டும். நீர்ப்பரப்போடு 10 டிகிரி அளவுக்குப் பார்வை தாழ்ந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திரும்பி வரும். இன்னும் தாழ்ந்தால் கிட்டத்தட்ட முழுக் கண்ணாடிதான். ஜன்னல் கணக்கும் இதுவே, அங்கே நேராகப் பார்த்ததால் அளவு குறைவு. ஈரமான சாலை இரவில் எதிரே வரும் விளக்குகளை நீளக் கோடுகளாக இழுத்துக் காட்டுவதும் தாழ்ந்த கோணத்தால்தான்.

கப்பை வெயிலில் வைத்தால் உள்ளே வளைந்த கோடு ஒன்று பளபளக்கிறதே, அது என்ன?

கப்பின் உள்சுவர் வளைந்த ஆடியாக இருந்து, விழும் கதிர்களைத் திருப்பி அனுப்புகிறது. அவை ஒரே புள்ளியில் கூடுவதில்லை, ஒரு வளைகோட்டின்மேல் நெருக்கியடிக்கின்றன. அந்த நெரிசல்தான் பளபளக்கும் கோடு. இரண்டு வளைவுகள் நடுவில் கூராகச் சந்திக்கும் பாருங்கள், அந்த வடிவத்தை 17-ஆம் நூற்றாண்டில் டச்சு அறிஞர் ஹைகன்ஸ் கணித முறையில் ஆராய்ந்திருக்கிறார். கப்பைத் திருப்பினால் கோடு திரும்பாது, வெயிலின் திசைக்கே பார்த்திருக்கும். மோதிரம், வளையல், எவர்சில்வர் பாத்திரம் எதிலும் இதைப் பார்க்கலாம். அசையும் தண்ணீரின் அடியில் ஒளி வலைபோல நெளிவதும் இதே நெரிசல்தான். அங்கே அலைகள் வில்லைகளாக இருந்து கதிர்களைக் குவிக்கின்றன.

கார்களின் பின்விளக்கு சில நேரம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. எனக்கு மட்டும்தானா?

எல்லோருக்கும் தெரியும், பலர் கவனிப்பதில்லை. சில எல்இடி விளக்குகள் வெளிச்சத்தைக் குறைக்க, வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை அணைந்து எரிகின்றன. நேராகப் பார்த்தால் தொடர்ச்சியாகத் தெரியும். கண்ணைச் சட்டென்று திருப்பும்போது ஒவ்வொரு மினுக்கும் விழித்திரையில் தனித்தனி இடத்தில் பதிந்து புள்ளி வரிசையாகிறது.

நிலா வெளிச்சத்தில் செடி கொடி எல்லாம் சாம்பலாக இருக்கிறதே, நிலா வெளிச்சத்தில் நிறம் கிடையாதா?

உண்டு. நிலா திருப்பி அனுப்புவது சூரிய ஒளியைத்தான். நிறங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன, அளவுதான் போதவில்லை. பௌர்ணமி நிலவொளி சூரிய ஒளியில் ஏறத்தாழ 4 லட்சத்தில் ஒரு பங்கு. அவ்வளவு குறைந்த ஒளியில் நிறம் பிரித்தறியும் கூம்பு செல்கள் கிட்டத்தட்ட வேலைநிறுத்தம் செய்துவிடும். கோல் செல்கள் மட்டும் பார்க்கும். அவற்றுக்கு வெளிச்சம், இருட்டு மட்டும்தான் தெரியும். போன் கேமராவில் நிலவொளிக் காட்சியை நீண்ட நேரத் திறப்பில் எடுத்தால் பச்சை பச்சையாகவே வருவது இதற்குச் சாட்சி.

கோல் செல்கள் சிவப்பைக் கிட்டத்தட்ட காண்பதே இல்லை. 1819-ல் செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்கின்யே, பகலில் பளீரென்று இருக்கும் சிவப்புப் பூக்கள் விடியற்காலை அரையிருட்டில் கறுத்துப்போய், இலைகள் அவற்றைவிட வெளிச்சமாகத் தெரிவதைக் கவனித்துச் சொன்னார். ஒரு சிவப்புப் பூவை அந்தி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த இடமாற்றம் உங்கள் கண்ணெதிரே நடக்கும். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒரு தடவை போன் திரையைப் பார்த்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்க்காமல் சற்றுப் பக்கத்தில் பாருங்கள், தெரியும். விழித்திரையின் நட்டநடுவில் கோல் செல்கள் இல்லை.

மேகத்துக்கு நடுவிலிருந்து கதிர்கள் விசிறிபோல விரிகின்றன. சூரியன் மேகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற மாதிரி தோன்றுகிறதே?

சூரியன் 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது, கதிர்கள் ஒன்றுக்கொன்று இணையாகத்தான் வருகின்றன. நேராக ஓடும் தண்டவாளத்தின் நடுவே நின்று பார்த்தால் தொலைவில் இரண்டும் ஒன்றுசேர்வது போலத் தோன்றுமே, அதேதான் இதுவும். சந்தேகமானால் அப்படியே திரும்பி நின்று சூரியனுக்கு எதிர்த்திசையைப் பாருங்கள். சில நாள்களில் அதே கதிர்கள் தலைக்கு மேல் கடந்துபோய் அந்தப் பக்கம் குவிவது தெரியும். அப்புறம், கதிர் கண்ணுக்குத் தெரிவதே காற்றில் தூசியோ நீர்த்துளியோ இருப்பதால்தான். சுத்தமான காற்றில் போகும் கதிரைப் பக்கவாட்டிலிருந்து பார்க்க முடியாது.

நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டியிருக்கிறது என்கிறார்களே, சில நாள் பெரிதாக, சில நாள் சின்னதாக இருப்பது ஏன்?

அவை இரண்டும் வேறு வேறு. கையை நீட்டி விரல்களை முழுக்க விரித்தால் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை சுமார் 20 டிகிரி. கட்டைவிரலை நிலாமேல் வைத்தால் சுண்டுவிரல் கிட்டத்தட்ட வளையத்தைத் தொடுகிறது என்றால், அது 22 டிகிரி வளையம். உயரமான மெல்லிய மேகத்தில் உள்ள ஆறுபக்கப் பனிப்படிகங்கள் ஒளியை வளைப்பதால் வருவது. நிலாவை ஒட்டியே சின்னதாக, நடுவில் வெளுப்பும் வெளி ஓரத்தில் செம்பழுப்புமாக இருந்தால் அது நீர்த்துளி மேகத்தால் வருவது. பெரிய வளையத்தில் சிவப்பு உள் ஓரத்தில் இருக்கும், சின்னதில் வெளி ஓரத்தில். சூரியனைச் சுற்றியும் இவை வரும், ஆனால் பார்ப்பதற்கு முன் அடுத்த பதிலைப் படித்துவிடுங்கள்.

சூரியனை நேராகப் பார்க்கலாமா? கொஞ்ச நேரம்தானே?

கூடாது. விழித்திரைக்கு வலி உணரும் நரம்பு கிடையாது. சேதம் நடக்கும்போது ஒன்றும் தெரியாது, பிறகுதான் பார்வையின் நடுவே குறை தெரியவரும். கறுப்புக் கண்ணாடி, எக்ஸ்ரே படம் எல்லாம் பாதுகாப்பில்லை. சூரியனைச் சுற்றி வளையம் பார்க்க வேண்டுமானால் ஒரு கம்பத்துக்கோ கட்டட விளிம்புக்கோ பின்னால் சூரியனை முழுதாக மறைத்துவிட்டுப் பாருங்கள். கிரகணம் பார்க்க மரத்தடி வட்டங்கள் போதும்.

நீல வானத்தைப் பார்த்தால் சின்ன வெளிச்சப் புள்ளிகள் ஓடுகின்றன. நூல் நூலாகவும் ஏதோ மிதக்கிறது. இதுவும் ஒளியா?

ஓடும் புள்ளிகள் உங்கள் வெள்ளை அணுக்கள். விழித்திரைக்கு முன்னால் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களில் சிவப்பணுக்கள் நீல ஒளியை உறிஞ்சும், வெள்ளையணுக்கள் விட்டுவிடும். அதனால் ஒவ்வொரு வெள்ளையணுவும் நகரும் வெளிச்சப் புள்ளியாகிறது. கவனித்தால் நாடித்துடிப்போடு சேர்ந்து வேகம் கூடிக் குறைவது தெரியும். நூல்போல மெதுவாக மிதப்பவை வேறு, கண்ணுக்குள் இருக்கும் கூழில் மிதக்கும் துணுக்குகளின் நிழல். அவை பலருக்கும் உண்டு. திடீரென்று நிறையப் பெருகினாலோ, பக்கவாட்டில் மின்னல் வெட்டினாலோ, திரை விழுவதுபோல ஒரு பக்கம் மறைந்தாலோ அன்றே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

காலையில் புல்வெளியில் என் தலை நிழலைச் சுற்றி மட்டும் வெளிச்சமாக இருக்கிறது. பக்கத்தில் நின்றவர் தலைக்கு இல்லை. அவரோ தன் தலைக்குத்தான் இருக்கிறது என்கிறார்!

இருவர் சொல்வதும் சரி. ஒவ்வொரு பனித்துளியும் ஒரு வில்லை. வெயிலைத் தனக்குப் பின்னால் உள்ள புல்லின்மேல் குவித்து, அங்கிருந்து வரும் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. வந்த வழியில் இருப்பது சூரியனுக்கும் துளிக்கும் நடுவே உள்ள உங்கள் கண். உங்கள் தலை நிழலுக்கு அருகில் இருக்கும் துளிகள் உங்களுக்கு, அவர் தலை நிழலுக்கு அருகில் இருப்பவை அவருக்கு. சாலைக் குறியீடுகளில் கலக்கும் கண்ணாடி மணிகள் முகப்பு விளக்கில் ஒளிர்வதும் இதே முறையில்தான். 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியச் சிற்பி செல்லினி, தன் தலை நிழலைச் சுற்றி ஒளி இருப்பதைத் தெய்வ அருளாக எடுத்துக்கொண்டார். புல் ஈரமாக இருக்கும் காலையில் நன்றாகத் தெரிகிறது என்பதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். கவனிப்பில் குறையே இல்லை.

வானவில்லும் இப்படித்தான், ஆளுக்கொன்று. உங்கள் தலை நிழல் விழும் திசையை மையமாக வைத்துச் சுமார் 42 டிகிரியில் வட்டம் போட்டால் அதுதான் உங்கள் வானவில். நீங்கள் நகர்ந்தால் வேறு துளிகள் அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும். சூரியன் 42 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டால் சமதரையில் நிற்பவருக்கு வானத்தில் வில் தெரியாது.

இப்படிக் காரணமெல்லாம் தெரிந்துவிட்டால் அப்புறம் ரசிக்க முடியுமா?

என் அனுபவத்தில் காரணம் தெரியாதவர்கள்தாம் பாதியைப் பார்க்காமல் விடுகிறார்கள். சூரியனுக்கு எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியாதவர், அங்கே குவியும் கதிர்களைப் பார்ப்பதே இல்லை.

குறிப்பு எழுதச் சொல்கிறீர்கள். எழுதினால் எல்லா நாளும் 'அழகான மாலை வெளிச்சம்' என்றே வருகிறது.

'அழகான', 'அற்புதமான' இரண்டையும் விலக்கிவிட்டு எழுதிப் பாருங்கள். நேரம், வானம் எப்படி, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எதில் பட்டு எங்கே விழுகிறது, அதன் ஓரம் கூர்மையா மங்கலா, நிறம் எதை ஒப்பிட்டு என்ன. 'ஐந்தே முக்கால், மேகமில்லை, எதிர்வீட்டு ஜன்னலில் பட்ட வெயில் நம் கூரைக்கு அடியில் கோணலான சதுரமாக, ஓரம் மங்கல், நடுவில் நெளிவு' என்று எழுதினால் ஒரு வருடம் கழித்துப் படித்தாலும் காட்சி திரும்பி வரும். அந்த நெளிவு ஏன் என்று கேட்டால் எதிர்வீட்டுக் கண்ணாடித் தகடு முழுத் தட்டையாக இல்லை என்பதும் புரியும். உங்கள் மனநிலையையும் எழுத வேண்டுமென்றால் தாராளமாக எழுதுங்கள், கடைசி வரியில்.

ஒரே படத்தை நான் ஒரு நிறமாகவும் நண்பர் வேறு நிறமாகவும் பார்க்கிறோம். யார் சொல்வது சரி?

2015-ல் ஒரு கவுன் படம் இணையம் முழுக்கச் சண்டை மூட்டியது நினைவிருக்கும். சிலருக்கு அது நீலமும் கறுப்பும், சிலருக்கு வெள்ளையும் பொன்னிறமும். உண்மையான உடை நீலம், கறுப்பு. படத்தில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதற்குத் தெளிவான தடயம் இல்லை. நீலநிற நிழலில் தொங்குகிறது என்று எடுத்துக்கொண்ட மூளைகள் நீலத்தைக் கழித்து வெள்ளையாக்கின. மஞ்சள் வெளிச்சம் என்று எடுத்துக்கொண்டவை மஞ்சளைக் கழித்து நீலத்தில் நின்றன. எதைக் கழிப்பது என்று தெரியாதபோது மூளை ஊகிக்கிறது, ஊகம் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

ஆகவே திரையில் தெரியும் நிறத்தைக் கேட்டால் இருவரும் பார்ப்பது ஒரே ஒளிதான், உடையின் நிறத்தைக் கேட்டால் ஒருவர் தவறு. அடுத்த முறை இப்படித் தகராறு வரக்கூடாது என்று நினைத்தால் படம் எடுக்கும்போது பொருளுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.